அடுக்கு நாற்பத்தொன்று

கல்திட்டையின் வாசலை அடைத்திருந்தது
ஓர் இரும்புக் கட்டிலின் தலைமாடு.
கம்பியை முறுக்கி அவிழ்த்துக் கழற்றித் தந்தார் பெலார்மினோ.
"வேலை முடிந்ததும் திரும்ப வேண்டும்.
என் ஆடுகளுக்கு அதுதான் கதவு."
ஜெனரோசா ரசீது எழுதிக் கையெழுத்திட்டாள்.
நிற்கும் கற்கள் ஏழு, மூடுகல் ஒன்று,
ஐயாயிரம் ஆண்டு:
இவற்றுக்கெல்லாம் யாரும் யாருக்கும்
ரசீது தந்ததில்லை.

அலென்தேஜுவில் அக்டோபர்.
தக்கை மரங்கள் தோலுரிந்து
செங்காவியாய் நிற்கின்றன.
ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண்,
உரித்த ஆண்டின் கடைசி இலக்கம்.
மறுபடி கோடரியோடு வர
ஒன்பது ஆண்டு பொறு என்று பொருள்.

நான் தோண்டுகிறவள் இல்லை, வரைகிறவள்.
கிடைத்ததை ஒன்றுக்கு ஒன்று அளவில்
மையால் தாளுக்கு மாற்றுவது பிழைப்பு.
பானை விளிம்பு, கல்லுளி, உடைந்த மணி.
நிழலைப் புள்ளி புள்ளியாய் வைப்பேன்.
இந்தத் தொழிலில் அழகுபடுத்துவது பொய்சொல்வது.

பதினோராம் நாள் ஒரு சிலேட்டு வந்தது.
உள்ளங்கை அகலம், மேலே கயிறு கோர்க்க ஒரு துளை.
இறந்தவர் மார்பில் கிடந்திருக்கும் என்றாள் ஜெனரோசா.
மார்பு இல்லை.
இங்கே மண் புளித்த மண்,
எலும்பைத் தின்றுவிட்டுக் கல்லை மிச்சம் வைக்கும்.
யாருடையது என்று கேட்க
ஒரு பல்கூட இல்லை.

சிலேட்டு முழுக்க முக்கோணங்கள்,
வயிற்றில் குறுக்குக் கோடுகளோடு.
முதல் வரிசையில் ஆறு.
இரண்டாவதிலும் ஆறு.
மூன்றாவதைக் கை தாராளமாய்த் தொடங்கியிருக்கிறது.
ஐந்து முடிவதற்குள் ஓரம் வந்துவிட்டது.
ஆறாவதை ஒடுக்கி, சாய்த்து,
நிரம்பிய பேருந்தில் கடைசி ஆளைப்போல்
உள்ளே திணித்திருக்கிறது.
எச்சில் தொட்டு அழிக்கிற சிலேட்டு இல்லையே இது.

அந்த இடம் வந்ததும் என் பேனா நின்றது.
நிமிர்த்திப் போட்டுவிடு என்றது விரல்.
ஒரு மில்லிமீட்டர். யாருக்குத் தெரியப்போகிறது?
மூச்சை அடக்கிக்கொண்டு
பிழையைப் பிழையின்றி வரைந்தேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
அவ்வளவு கடினமான கோடு போட்டதில்லை.
கண் மங்கலா, கருக்கல் நேரமா,
பிணத்தைக் காக்கவைக்க முடியாத கோடையா,
இல்லை, அழுதுகொண்டே செதுக்கினார்களா?
படத்தின் கீழே இதற்கு இடம் கிடையாது.
அளவுகோல் மட்டும்.

அன்றிரவு முதல் மழை.
விடிந்ததும் ஜெனரோசா போட்ட கூச்சலில்
தக்கை மரத்துக் காடைகள் எல்லாம் பறந்தன.
தார்ப்பாயை முட்டித் தள்ளிவிட்டு
ஒரு சினையாடு உள்ளே போயிருக்கிறது.
மூன்று வாரம் கரண்டியால் சுரண்டிய தளம்
குளம்பு மிதித்த சேறு.
சிலேட்டு கிடந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி
ஈரம் காயாத குட்டி
பின்பக்கத்தை மட்டும் முதலில் தூக்கிப் பார்த்தது.
விழுந்தது.
மறுபடி தூக்கியது.

பெலார்மினோ வந்தார், தொப்பியைக் கழற்றினார்,
எங்களுக்கா, கல்லுக்கா, ஆட்டுக்கா தெரியவில்லை.
"வருஷா வருஷம் இங்கேதான் ஈனும்.
கதவைக் கழற்றியது நீங்கள்."

வெகுநேரம் ஒரு நிற்கும் கல்லில் சாய்ந்திருந்தாள் ஜெனரோசா.
பிறகு நனைந்த படிவம் ஒன்றை உருவி
எப்போதும்போல் நிறுத்தி நிறுத்தி எழுதினாள்:
அடுக்கு 41.
நிறம்: பழுப்பு, திட்டுத் திட்டாய்ச் சிவப்பு.
உள்ளடக்கம்: வைக்கோல், மழைநீர், நஞ்சுக்கொடி, குளம்புத் தடம்.
எதற்கு மேலே: எல்லாவற்றுக்கும்.
காலம்: இன்று காலை.

"வரைந்துவிடு" என்றாள் என்னிடம்.
தாளை விரித்தேன். ஒன்றுக்கு ஒன்று.
நான்காவது தடம் போடுகையில்
குட்டி எழுந்து
முதல் தடத்தின்மேல் நடந்துபோனது.